கோணக் கட்டில்

கட்டிலை எந்தப் பக்கம் திருப்புவது என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள் மொய்னார் மா. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முப்பது வருஷமாகச் சலேஹா பேகத்தின் கூடவே இருக்கும் பணிப்பெண், கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். டாக்டர் படகேறிப் போய் அரை மணிகூட ஆகவில்லை. போகிறபோது படித்துறையில் நின்று, "பொழுது சாயற வரைக்கும் இருப்பாங்க மிர்ஸா சாஹேப், அதுக்கு மேல அல்லா விட்ட வழி" என்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா? செருப்பா சாகக் கிடக்கிறது? மிர்ஸா பஹ்ராம் அலி ஜன்னல் பக்கம் பார்த்தார். மேக்னா நதி அகலமாக, அக்கரை தெரியாமல், எனக்கென்ன அவசரம் என்பதுபோல் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலம் முடிந்து பதினைந்து நாள்தான் ஆகிறது, தண்ணீரில் இன்னும் மண் நிறம் போகவில்லை. வெயில் ஜன்னலின் வலது ஓரத்தில் நுழைந்து தரையில் கிடந்தது. அது கட்டிலுக்கு வருவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும்.

"சுவரோட சேர்த்துப் போடச் சொல்லட்டுமா, ஹுஸூர்? காசெமை ஆள் கூட்டிவர அனுப்பிட்டேன். நாலு பேராவது வேணும், இரும்பா கனக்குற தேக்குக் கட்டில்."

"வரட்டும். வந்ததும் சொல்றேன்."

வந்ததும் சொல்வதற்கு என்ன இருக்கிறது? அந்த வீட்டில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆறு தலைமுறையாக உயிர் போகிறவர்களை வலப்பக்கமாகச் சாய்த்து, முகம் கிப்லாவைப் பார்க்கப் படுக்க வைப்பார்கள். தொழும்போது எந்தத் திசையில் மக்கா இருக்கிறதோ அந்தத் திசை. அப்படியே குழியிலும் வைப்பார்கள். கிப்லா எது என்று அந்த வீட்டில் யாரும் வானத்தைப் பார்க்க வேண்டாம், சுவரைப் பார்த்தால் போதும். ஏனென்றால் வீட்டையே கிப்லாவுக்கு நேராகத்தான் கட்டியிருந்தார்கள். ஷிராஸ் நகரத்திலிருந்து கப்பலேறி வந்த மிர்ஸா கலீல், இந்தக் கரையில் ஜமீன் வாங்கி முதலில் பள்ளிவாசலைக் கட்டினார், அதன் சுவருக்கு இணையாக வீட்டை, வீட்டுக்கு இணையாகத் தோட்டத்தை, தோட்டத்தின் கோடியில் குடும்பத்தாரை அடக்கம் செய்யக் கபரஸ்தானை. ஷிராஸில் அவருடைய அப்பா எந்தத் திசையில் நின்று தொழுதாரோ, தென்மேற்கே, அதே திசை. சும்மா சொல்லக் கூடாது, கட்டிடம் என்றால் கட்டிடம், இருநூறு வருஷத்தில் ஒரு விரிசல் கிடையாது. ஆனால் ஷிராஸிலிருந்து மக்கா தென்மேற்கே இருக்கிறது. வங்காளத்திலிருந்து மேற்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய மனிதர், நட்சத்திரம் பார்க்கத் தெரிந்தவர், பாரசீகத்தில் எழுதினால் கல்கத்தாவில் வாங்கிப் படிப்பார்களாம், அவருக்கு இது தோன்றவே இல்லை. தான் இத்தனை ஆயிரம் மைல் நகர்ந்து வந்துவிட்டோம், நாம் நகர்ந்தால் திசையும் நகரும் என்று தோன்றவே இல்லை. ஊரே மேற்கே பார்த்துத் தொழுதது, படகுக்காரன், குடியானவன், நெசவாளி எல்லாரும், ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் கட்டிய சின்னப் பள்ளிவாசலில். ஜமீன் வீட்டார் மட்டும் கோணலாக நின்றார்கள். கோணலாக நிற்பதையே கௌரவமாக வைத்துக்கொண்டார்கள். எங்களுடையது ஷிராஸ் கிப்லா. ஒருமுறை ஊர் மௌல்வி ஒருவர் தயங்கித் தயங்கி வாய் திறந்தபோது, மிர்ஸாவின் கொள்ளுத்தாத்தா ஹுக்காக் குழாயை எடுக்காமலே, படகுக்காரனுக்காக அல்லா இடம் மாறுவானா என்று கேட்டாராம். மௌல்வி அப்புறம் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

கட்டிலில் சலேஹா மூச்சு வாங்கினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே ஒரு இடைவெளி, அந்த இடைவெளியில் மிர்ஸாவும் மூச்சை நிறுத்திக்கொண்டார், அடுத்தது வந்ததும் இவரும் விட்டார். இப்படியே நாற்பத்தோரு வருஷம் பக்கத்தில் படுத்து இந்த மூச்சைக் கேட்டிருக்கிறார், ஆனால் கேட்டதில்லை, இன்றைக்குத்தான் கேட்கிறார். முகம் எலுமிச்சைத் தோல்மாதிரி ஆகிவிட்டது. மூக்கு மட்டும் அப்படியே இருந்தது, அந்தப் பிடிவாதக்கார மூக்கு. பதினாறு வயசில் பல்லக்கில் வந்து இறங்கினாள், வங்காளத்து மண்ணிலேயே விளைந்த குடும்பம், அவளுடைய அப்பாவுக்குப் பாரசீகத்தில் ஒரு வரி தெரியாது. அதற்காகவே மாமியார் முதல் நாளிலிருந்து முகத்தைச் சுளித்தாள். முதல் நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்கு அவள் பாயை விரித்தாள், அவள் வீட்டில் விரிக்கிற மாதிரி, மேற்கே. மாமியார் குனிந்து பாயின் நுனியைப் பிடித்து இழுத்துச் சுவருக்கு இணையாக வைத்தாள், வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள், தூசி பட்டதுபோல. கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது யார், இதே பஹ்ராம் அலிதான், இருபத்திரண்டு வயசு, கல்கத்தாவில் காலேஜ் படித்துவிட்டு வந்தவன். வாய் திறந்தானா? அதுதான் இல்லை. அப்போதே அவனுக்குத் தெரியும். அதுதான் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. தெரியாமல் நின்றிருந்தால் வேறு கதை.

கல்கத்தாவில் சாந்தினிச் சந்தையில் ஒரு பித்தளைத் திசைகாட்டி வாங்கியிருந்தான், சும்மா விளையாட்டுக்கு, உள்ளங்கையில் அடங்குவது. லீவுக்கு வந்தபோது ஒரு மத்தியானம் யாருமில்லாத வீட்டுப் பள்ளிவாசலில் தரையில் வைத்துப் பார்த்தான். முள் ஆடியது, ஆடி நின்றது. பூகோளப் புத்தகத்தை விரித்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டான். ஊரிலிருந்து மக்காவுக்குப் போட்ட கோடு ஏறக்குறைய நேர் மேற்கே போனது. பள்ளிவாசல் சுவர் காட்டிய கோடு ஒரிசா வழியாக, மதராஸ் ராஜதானி வழியாக, கடலுக்குள் இறங்கி, ஆப்பிரிக்காவில் பேர்கூட அச்சடிக்காத ஒரு கடற்கரையில் போய் நின்றது. முதலில் சிரிப்பு வந்தது. ஐயோ, ஆறு தலைமுறையும் மதராஸைப் பார்த்தல்லவா தொழுதிருக்கிறோம்! அப்புறம் சிரிப்பு நின்றது. கபரஸ்தான் ஞாபகம் வந்தது. அப்போதே முப்பத்திரண்டு கபர்கள், வரிசை பிசகாமல், எல்லா முகமும் அந்தப் பேரில்லாத கடற்கரையைப் பார்த்து. அதற்குப் பிறகு அந்தத் திசைகாட்டியை மேசை இழுப்பறையில் அடியில் போட்டுவிட்டான். நாற்பது வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை, தெரிந்தே கோணலாக நிற்கிறார். பயம்தான், வேறென்ன. திரும்பி நின்றால் அப்பாவைத் திருப்பி வைக்க முடியுமா? தாத்தாவை? நான் மட்டும் நேராக நின்று, இவர்கள் அத்தனை பேரையும் தப்பான பக்கம் பார்த்துக் கிடக்கிறீர்கள் என்று காட்டிக்கொடுப்பதா? அல்லா மனசைப் பார்ப்பான் என்று ஒரு நாள் தோன்றும், மனசில்தான் கோணல் இருக்கிறது என்று மறுநாள் தோன்றும். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். காலையில் பார்த்தால் சுவரைப் பார்த்துச் சாய்ந்து படுத்திருந்தார், முகத்தில் அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்க்க முடியாமல் மிர்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இப்போது இவளையுமா? சுவரோடு சேர்த்துப் போடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாலு பேர் தூக்கித் திருப்பிவிடுவார்கள், இவள் முகத்தை மதராஸ் பக்கம் பார்க்க வைத்து அனுப்பிவிடலாம், முப்பத்தைந்தாவது கபர். மேற்கே திருப்பு என்று சொன்னால், மொய்னார் மா பார்ப்பாள், காசெம் பார்ப்பான், பொழுது விடிவதற்குள் ஊருக்கே தெரியும், ஜமீன் வீட்டு முன்னோர் எல்லாரும் வழிதவறிக் கிடக்கிறார்கள் என்று மிர்ஸாவே சொல்லிவிட்டார் என்று. மகன் வந்து சொல்லட்டும் என்றால் அவன் ஸ்டீமர் நாளைக்குக் காலையில்தான் வரும். இவளையே கேட்கலாமா? சாகக் கிடக்கிறவளிடம், அம்மா உனக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்றா? நாற்பத்தோரு வருஷம் கேட்காதவன் இன்றைக்குக் கேட்டு என்ன கிழிக்கப் போகிறான்.

எழுந்து நடந்தார். நடந்தவர் கால் சுண்டுவிரலைக் கட்டில் காலில் இடித்துக்கொண்டார். "யா அல்லா!" என்று ஒரு காலில் நின்றார். இந்தச் சனியன் பிடித்த கட்டில்! இந்த வேளையிலும் கோபம் வந்தது, வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. வீடே கேலி செய்யும் கட்டில் இது. எல்லா அறையிலும் கட்டில் ஒழுங்காகச் சுவரை ஒட்டிக் கிடக்கும், இது மட்டும் அறை நடுவில் கோணலாக, எவனோ குடித்துவிட்டுப் போட்டது மாதிரி. விருந்துக்கு வந்த அத்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். சலேஹாவின் வேலைதான், வேறு யார். கல்யாணமான மறு வருஷம், சாரல் அடிக்கிறது என்றாள். அப்புறம் காற்று மூஞ்சியில் அடிக்கிறது என்றாள், அப்புறம் காற்றே வரவில்லை என்றாள். உத்திரத்திலிருந்து பல்லி விழுகிறது என்றாள். மகன் பிறக்கப் போகிறபோது மருத்துவச்சி நிற்க இடம் வேண்டும் என்றாள், பிறந்தபிறகு தொட்டிலுக்கு இடம் வேண்டும் என்றாள். மழைக்காலம் முடிந்ததும் சிவப்புத் தரையைத் தேய்த்துக் கழுவக் கட்டில்களைத் தூக்குவார்கள், மிர்ஸா அப்போது ஆற்றுத் திட்டுகளைப் பார்வையிடப் படகில் போய்விடுவார். திரும்பி வந்த முதல் நாள் வருஷம் தவறாமல் சுண்டுவிரலில் இடி. போன மாசம் வரைக்கும் இல்லாத இடத்தில் இந்தக் கால் எப்படி வந்தது என்று கத்துவார். அவள் எண்ணெய் எடுத்துவந்து விரலைத் தேய்த்துவிடுவாள், தலையைக் குனிந்துகொண்டு. சிரிக்கிறாள் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வார். இந்த வருஷம் அவள் படுக்கையில் விழுந்துவிட்டதால் தரை கழுவவில்லை.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. காசெமும் இன்னும் நாலு பேரும், ஈரக் காலோடு, படகை விட்டு அப்படியே வந்தவர்கள். அறைக்குள் வரத் தயங்கிக் கதவுக்கு வெளியே நின்றார்கள். மிர்ஸா என்ன சொல்வதென்று தெரியாமலே பக்கத்து அறைக்குப் போய் மேசை இழுப்பறையைத் திறந்து, காகிதங்களுக்கு அடியில் கையை விட்டார். பித்தளை குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டது. சொல்வது எதுவானாலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லலாம். நாற்பது வருஷத்தில் மக்கா நகர்ந்திருக்காது, ஆனாலும் பார்ப்போம். திரும்பி வந்து கட்டிலில், அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். முள் ஆடியது. ஆடி நின்றது. வடக்குமுனை கட்டிலின் தலைமாட்டுப் பலகையை நேராகக் காட்டியது.

அவருக்கு முதலில் புரியவில்லை. அவள் இடுப்புச் சாவிக்கொத்து முள்ளை இழுக்கிறதோ என்று அதை மெல்ல அவிழ்த்து மொய்னார் மாவிடம் கொடுத்துத் தள்ளிப் போகச் சொன்னார். மறுபடி வைத்தார். கால்மாட்டில் வைத்தார். தலைமாட்டில் வைத்தார். எங்கே வைத்தாலும் முள் கட்டிலின் நீளத்தோடு ஒட்டிக் கிடந்தது, மயிரிழை பிசகாமல். தலை வடக்கே. வலப்பக்கம் சாய்ந்திருக்கும் இவள் முகம் நேர் மேற்கே. அந்த நேரம் பார்த்து வெயில் வந்து சேர்ந்தது. ஜன்னலுக்குக் கோணலாக நுழைந்த வெயில், கட்டிலுக்குக் கோணலாக இல்லை, குறுக்கே நேராகப் போய் அவள் முகத்தில் விழுந்தது, கட்டிலுக்கு அடியிலும் புகுந்து தரையைக் காட்டியது. மிர்ஸா மண்டி போட்டார். அறுபத்துமூன்று வயசு முழங்கால் கடகடத்தது. தலைமாட்டுக் கால்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தன. கால்மாட்டுக் கால்கள் நடந்திருந்தன. சிவப்புத் தரையில், சுவரோரத்திலிருந்து ஆரம்பித்து, வட்டத் தழும்புகள் ஒன்றையடுத்து ஒன்று, வளைந்து வளைந்து இப்போது கால் நிற்கும் இடம் வரைக்கும். ஒவ்வொன்றும் ஒரு வருஷம் நின்ற தழும்பு. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அடுத்ததில் வைத்தார், சரியாக இருந்தது. யா அல்லா, யா அல்லா என்று வாய் தானாகச் சொன்னது, ஆற்றையும் வானத்தையும் படைத்தவன் முன்னால்கூட அவர் அப்படி நடுங்கிச் சொன்னதில்லை. சாரல் இல்லை, பல்லி இல்லை, தொட்டில் இல்லை. வருஷத்துக்கு இரண்டு விரல். கடைசிச் சில தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, வந்து சேர்ந்துவிட்டது, அப்புறம் நகரவில்லை. கையில் ஒரு கருவி இல்லாமல், ஒரு வார்த்தை சண்டை இல்லாமல், இந்த மூக்கு!

"கிடைச்சுதா?" என்றது மேலேயிருந்து ஒரு குரல். அவள் கண்ணைத் திறந்திருந்தாள்.

அவர் தரையிலிருந்தபடியே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தை அவள் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தார். "எதை வெச்சு... எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"ஜன்னல் ஓரமா படகுக்காரங்க பள்ளிவாசல் தெரியுதே. அதோட சுவரைப் பார்த்து." மூச்சு வாங்கினாள். அவர் காத்திருந்தார். "வந்த வருஷமே உங்க இழுப்பறையில அந்தப் பித்தளையைப் பார்த்துட்டேன். இவருக்கும் தெரிஞ்சிருக்கு, சொல்லப் பயப்படறாருன்னு புரிஞ்சுது."

"கேட்டிருக்கலாமே. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சலேஹா."

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் அதுவே உங்களுக்குப் பிடிவாதமாயிடும்."

உண்மைதான். "எல்லாரையும் அப்படியே விட்டுட்டு, நீ மட்டும் நேரா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை, ஏனென்றால் அவள் உதடு கோணியது, எரிச்சலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"நான் மட்டுமா? நீங்க எங்க படுத்திருந்தீங்க?" என்றாள். "உங்க அப்பா தூக்கத்துல போனாங்க இல்லையா. நீங்களும் அப்படிப் போயிட்டா? அந்த பயம் எனக்கு. கபர்ல இருக்கிறவங்களை நான் திருப்ப முடியாது. உங்களை எழுப்பாம திருப்பணும்னு நினைச்சேன்."

எத்தனை இரவு, எத்தனை ஆயிரம் இரவு, நாளைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று கண்ணை மூடியிருக்கிறார். பயந்துகொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு, கோணலாகப் படுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு. அத்தனை இரவும் அவரைத் தாங்கிக்கொண்டு கட்டில் இரண்டு இரண்டு விரலாக மேற்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது, படகில் தூங்குகிறவன் ஊர் போய்ச் சேர்வதுபோல. தனக்காக ஒரு ஆள் இவ்வளவு செய்வாளா? தான் அதற்கு எந்த விதத்தில் பாத்திரம்? அவள் கையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். அது லேசாக இருந்தது.

"ஹுஸூர்," என்றான் காசெம் கதவுக்கு வெளியிலிருந்து. "எந்தப் பக்கம் திருப்பணும்?"

மிர்ஸா எழுந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, பார்த்தால் பார்க்கட்டும். வாசல்வரைக்கும் போய், அவளுக்குக் கேட்காத குரலில், ஆனால் வந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "திருப்ப வேண்டாம். சரியாத்தான் கிடக்கு. தோட்டத்துல குழி வெட்டறவன்கிட்ட சொல்லு, சுவரைப் பார்த்து வெட்டக் கூடாது. இந்தக் கட்டிலைப் பார்த்து வெட்டணும். பக்கத்துல எனக்கும் அதே மாதிரி இடம் விடணும்." காசெம் கட்டிலைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மிர்ஸாவைப் பார்த்தான். அவனும் படகுக்காரன் மகன்தான். தலையை ஆட்டினான். மொய்னார் மா சாவிக்கொத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பொழுது சாய்ந்தது, ஆற்றங்கரையில் படகுக்காரர்கள் பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொன்னார்கள். மிர்ஸா கொடியிலிருந்து தொழுகைப் பாயை எடுத்தார். கை வழக்கம்போலச் சுவருக்கு இணையாக விரிக்கப் போயிற்று, நிறுத்தினார். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில், தலைமாட்டுப் பலகைக்கு இணையாக விரித்தார். இதுவரைக்கும் நிற்காத பக்கம், முதல்முதலாகத் தொழப் போகிறவன்போல உடம்பு கூசியது. முதுகுக்குப் பின்னால் அவள் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கையைக் காதுவரை தூக்கப் போனபோது அவள் கூப்பிட்டாள், மூச்சோடு மூச்சாக.

"கொஞ்சம் வலது பக்கம். ரெண்டு விரல்."

அவர் குனிந்து பாயை நகர்த்தி வைத்தார்.